மாம்பழம் தீர்ந்தும் ஈ தீராத வீடு: சேலத்தில் ஒரு பழ ஈ நிகழ்வு ஆய்வு

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு தரைத்தள வீடு. ஐந்து பேர் இருக்கிறார்கள். மே மாதத் தொடக்கத்தில் சின்னக்கடை வீதியிலிருந்து மல்கோவா ஒரு கிரேட்டும் செந்தூரா அரைக் கிரேட்டும் வந்து இறங்கின. பக்கத்து அறையில் கட்டிலுக்கடியில் சாக்கு விரித்து, வைக்கோல் பரப்பி, காம்பு கீழே இருக்கும்படி அடுக்கிப் பழுக்க வைத்தார்கள். கடைசிப் பழத்தைத் தின்று முடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. ஈ மட்டும் போகவில்லை, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருந்தது.

“பழம் எல்லாம் தீர்ந்து போச்சுங்க. வைக்கோலைக் கூட மாட்டுக்காரருக்குக் குடுத்தாச்சு. ஆனாலும் காலையில சமையக்கட்டுக்குள்ள காலை வெச்சா மூஞ்சியில வந்து மோதுதுங்க” என்பது வீட்டம்மாவின் புகார். இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. வைக்கோலைக் கொடுத்தாச்சு என்றார், சாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதுவரை வீட்டில் செய்தவை நான்கு. தினமும் இரவில் சிங்க் ஓட்டையில் பினாயில் ஊற்றினார்கள். கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சமையலறையில் அடித்தார்கள். ஒரு டம்ளரில் வாழைப்பழத்தை மசித்துப் போட்டு மேலே பாலித்தீன் கட்டி ஓட்டை போட்டு வைத்தார்கள். நான்காவதாக, உரக்கடையில் ‘பழ ஈ பொறி’ என்று கேட்டு ஒன்று வாங்கி வந்து ஜன்னலில் தொங்கவிட்டார்கள். ஒரு வாரம் தொங்கிய அந்தப் பொறியில் ஒரு ஈ கூட விழவில்லை.

ஒரே பேரில் இரண்டு ஈ

உரக்கடைக்காரர் மேல் தப்பில்லை. கேட்ட பேருக்குப் பொருளைக் கொடுத்தார். தமிழில் பழ ஈ என்ற ஒரே பேரை இரண்டு வேறு பூச்சிகளுக்குச் சொல்கிறோம். மாந்தோப்புக்காரர் சொல்லும் பழ ஈ, பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். வீட்டு ஈ அளவு இருக்கும். தோலைத் துளைத்துப் பழத்துக்குள் முட்டையிடும். மாம்பழத்தை அறுத்தால் உள்ளே துள்ளும் வெள்ளைப் புழு அதன் பிள்ளைதான். அது மண்ணுக்குள் போய்க் கூடு கட்டும். தோப்பில் தொங்கவிடும் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால். அந்த வாசனைக்கு வருவது அந்த வகை ஈக்களில் ஆண்கள் மட்டுமே.

சமையலறையில் மூஞ்சியில் மோதுவது டிரோசோஃபிலா. மூன்று மில்லிமீட்டர் நீளம், தேன் நிற உடம்பு, சிவந்த கண். நல்ல தோலைத் துளைக்க இதனால் முடியாது. வெடித்த, அடிபட்ட, புளித்த இடத்தில் ஈரத்தின் மேல் முட்டை வைக்கும். பழம் இதற்கு ஒரு சாக்குப்போக்குத்தான். இது உண்மையில் தேடி வருவது ஈஸ்ட் நுரைத்துப் புளிக்கும் பொருளை. அது மாம்பழச் சாறாக இருந்தாலும் சரி, இட்லி மாவாக இருந்தாலும் சரி. மெத்தில் யூஜினால் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பார்த்தவுடன் டிரோசோஃபிலா என்று முடிவு கட்டுவதும் ஆபத்து. சமையலறையில் இன்னும் மூன்று பூச்சிகள் இதே அளவில் திரியும். இறகில் ரோமம் அடர்ந்து, குட்டி அந்துப்பூச்சி மாதிரி குளியலறைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்திருந்தால் அது சாக்கடை ஈ. முதுகு கூன் விழுந்து, பறக்காமல் விறுவிறுவென்று திசை மாறி மாறி ஓடினால் கூன் ஈ. கறுத்து மெலிந்து, நீளக் காலோடு பூந்தொட்டியைச் சுற்றினால் தொட்டி மண்ணில் வளரும் பூஞ்சைக் கொசு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இந்த வீட்டில் ஒட்டு டேப்பில் பிடித்த இருபது பூச்சியைக் கைப்பேசி விளக்கில் பார்த்தபோது இருபதுக்கும் சிவப்புக் கண்.

அந்த இருபதில் மூன்று வெளிறிப்போய், வயிற்றில் கரும்பச்சைப் புள்ளியோடு இருந்தன. கூட்டை விட்டு வந்து சில மணி நேரமே ஆன ஈக்கு மட்டும்தான் அந்தப் புள்ளி தெரியும். ஆக, ஈ வெளியிலிருந்து வரவில்லை. இந்த வீட்டுக்குள்ளேயே எங்கோ இன்றைக்கும் பொரிந்துகொண்டிருக்கிறது.

பன்னிரண்டு நாள் என்ன சொல்கிறது

25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஒரு நாளில் பொரியும். புழுவாக நாலைந்து நாள், கூட்டுப்புழுவாக நாலு நாள். முட்டையிலிருந்து ஈ வரை மொத்தம் பத்து நாள். 28 டிகிரியில் அது எட்டு நாளுக்குச் சுருங்கும். வெளியே வந்த ஈ அரை நாளுக்குள் இணை சேரும். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் நானூறு முட்டை வரை வைக்கும்.

பழம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியும் புது ஈ பிறக்கிறது என்றால், பழத்தில் வைத்த முட்டை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. அந்தத் தலைமுறை வளர்ந்து, வேறு ஒரு ஈர இடத்தைக் கண்டுபிடித்துக் குடியேறிவிட்டது. தேட வேண்டியது அந்த இடத்தை.

தேடலைக் குறுக்க இன்னொரு விஷயமும் உதவியது. 30 டிகிரியைத் தாண்டினால் இதன் வளர்ச்சி தடுமாறும், ஆண் ஈ மலடாகத் தொடங்கும். சேலத்து மே மாதத்தில் பரணும் மேல் அலமாரியும் அடுப்பு மாதிரி கொதிக்கும், அங்கே வளர வாய்ப்பு குறைவு. தரையோடு தரையாக, வெயில் படாமல், ஈரம் காயாமல் இருக்கும் மூலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பொறியைத் திசைகாட்டியாக வைத்தது

பொறி வைத்து ஈயை ஒழிக்கலாம் என்பதுதான் இந்த விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் தப்பு. பிறக்கும் வேகத்துக்குப் பொறி ஈடு கொடுக்காது. ஆனால் எங்கே பிறக்கிறது என்று சொல்லும். அதற்கு எல்லாப் பொறியும் ஒரே அளவில், ஒரே கலவையில், ஒரே இரவில் வைக்கப்பட வேண்டும்.

கலவை இது. வெதுவெதுப்பான தண்ணீர் 50 மி.லி., நாட்டுச் சர்க்கரை ஒரு டீஸ்பூன், பேக்கரிக்குப் போடும் உலர் ஈஸ்ட் கால் டீஸ்பூன். ஆறு மணி நேரம் மூடி வைத்தால் நுரைத்துப் புளிப்பு வாசம் வரும். அப்போது வினிகர் ஒரு டீஸ்பூன் சேர்த்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வைப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டே சொட்டு விட வேண்டும். லிக்விட் தண்ணீரின் மேல்தோலைத் தளர்த்திவிடும், உட்கார்ந்த ஈ மூழ்கும். கலக்கக் கூடாது, நுரை வந்தால் ஈ அதன் மேல் சவுகரியமாக உட்கார்ந்து குடித்துவிட்டுப் போய்விடும். லிக்விட் கூடினாலும் எலுமிச்சை வாசம் புளிப்பை மூடிவிடும். கடையில் விற்கும் வெள்ளை வினிகரை மட்டும் வைத்தாலும் சில விழும், ஆனால் அதில் அசிட்டிக் அமிலத்தின் காரம் மட்டும்தான், புளித்த மணம் இல்லை. மூடிக்குக் காகிதத்தைப் புனலாகச் சுருட்டி, கீழ்முனையில் ஐந்து மில்லிமீட்டர் திறப்பு விட்டுச் செருகினால் போதும். உள்ளே போன ஈக்கு வெளியே வரும் வழி தெரியாது.

இரவு ஒன்பதுக்கு நான்கு பொறிகள் வைக்கப்பட்டன. காலை ஒன்பதுக்கு எண்ணியபோது சிங்க் பக்கம் 11, கிரைண்டர் மூலையில் 64, கட்டில் இருந்த அறையில் 7, பூஜை அலமாரி அருகே 3. விடிந்து சற்று நேரம் கழித்து எண்ணுவதற்குக் காரணம் உண்டு. இந்த ஈ பெரும்பாலும் விடியற்காலையில்தான் கூட்டை விட்டு வரும். காலையிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். 1933-இல் மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த அதே பூச்சிதான், 2017-இல் உடலுக்குள் இரவு பகலைக் கணக்கு வைக்கும் உயிர்க்கடிகாரம் பற்றிய நோபலுக்கும் அடிப்படையாக இருந்தது. இரவு துடைத்துவிட்டுப் படுத்தும் காலையில் மூஞ்சியில் மோதுகிறதே என்ற வீட்டம்மாவின் குழப்பத்துக்கு விடை அந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது.

சிங்க் குற்றவாளி அல்ல

பினாயில் ஊற்றியவர்கள் சிங்க்கின் மேல்தான் சந்தேகம் வைத்திருந்தார்கள். அதைத் தீர்க்கச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. படுக்கும் முன் ஓட்டையின் விளிம்பைத் துடைத்துக் காயவிட்டு, அகலமான செலோ டேப்பை ஒட்டும் பக்கம் கீழாகப் பாதி ஓட்டையை மூடுவது போல ஒட்ட வேண்டும். முழுக்க மூடினால் காற்று வராது, ஈயும் மேலே வராது. உள்ளிருந்து கிளம்பும் பூச்சி டேப்பில் மாட்டும். ஒரு இரவு போதாது, மூன்று இரவு பார்க்க வேண்டும். சிங்க்கிலும் தரை ஜாலியிலும் மூன்று இரவும் டேப் சுத்தமாக இருந்தது.

டேப்பில் ஈ மாட்டியிருந்தால்கூடப் பினாயில் உதவியிருக்காது. குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பான கசட்டுக்குள்தான் புழு இருக்கும். மேலே ஊற்றும் எதுவும் அந்தக் கசட்டை நனைத்துவிட்டு வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். நீளக் கைப்பிடி பிரஷ் விட்டுச் சுரண்டி எடுப்பதுதான் வேலை. பிறகு கை பொறுக்காத அளவு சுடுநீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாயின் மூட்டு இளகிவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றுபவர்களும் உண்டு. அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு ஈக்கு முன் ஆளைச் சாய்க்கும்.

கிரைண்டருக்கு அடியில்

64 விழுந்த மூலையில் இருந்தது பழைய டில்டிங் கிரைண்டர். வாரம் இரண்டு தடவை மாவு ஆட்டுகிறார்கள். டிரம் பளபளவென்று இருந்தது, கல்லும் அப்படியே. ஆனால் மாவு வழிக்கும்போது விளிம்பில் வழிவதும், கழுவி ஊற்றும் தண்ணீரும் டிரம்மின் வெளிப்புறமாக இறங்கிக் கீழ்ச்சட்டத்தின் கோண மூலையில் தேங்கியிருந்தன. மேலே காய்ந்து தகடு போல் ஆகியிருந்தது. ஸ்பூன் காம்பால் அதை நெம்பியபோது அடியில் பழுப்பேறிய குழம்பு. அதற்குள் வெள்ளைப் புழுக்கள், முன்பக்கம் கறுப்பு ஊசி முனை போல் வாய், பின்பக்கம் மூச்சுக்குழாய் மேலே நீட்டியபடி. ஒரு சதுர அங்குலத்தில் எண்ண முடியாத நெருக்கம்.

ஆனால் கூட்டுப்புழு அங்கே அதிகம் இல்லை. இருக்கவும் இருக்காது. வளர்ந்து முடித்த புழு ஈரத்தை விட்டு வெளியேறி, காய்ந்த இடம் தேடி ஊர்ந்து போய்த்தான் கூடாகும். குப்பையைக் கொட்டிவிட்டோமே, கூடையையும் அலசினோமே, பிறகும் எப்படி ஈ வருகிறது என்று கேட்பவர்கள் கூடையின் மூடி மடிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வீட்டில் அந்தக் காய்ந்த இடம் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே நான்காக மடித்துச் செருகப்பட்டிருந்தது. மாம்பழம் அடுக்கிய அதே சாக்கு. நடுவில் ஒரு மல்கோவா அழுகிச் சாறு இறங்கிய கறுத்த வட்டம். அதன் மேலும் மடிப்புகளிலும் பாதிச் சீரகம் அளவில் கூடுகள் ஒட்டியிருந்தன, ஒரு முனையில் இரண்டு சின்னக் கொம்புகள். சில வெறும் கண்ணாடித் தொப்பி மாதிரி, முன்மூடி திறந்து காலியாக இருந்தன. சில பழுப்பு நிறத்தில் கெட்டியாக இருந்தன. விளக்கைப் பின்னாலிருந்து அடித்தபோது நாலைந்து கூடுகளுக்குள் இரண்டு இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த ஓரிரு விடியலில் வெளிவரக் காத்திருந்த கண்கள் அவை.

சாக்கை வீட்டுக்குள் உதறவில்லை. அப்படியே கறுப்புப் பாலித்தீன் பைக்குள் நுழைத்துக் கட்டி, மொட்டை மாடியில் நடுப்பகல் வெயிலில் நாலு மணி நேரம் போட்டு, பிறகுதான் குப்பைக்கு அனுப்பப்பட்டது. கிரைண்டருக்கு முதலில் பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். தகட்டை வெந்நீர்த் துணி போட்டு அரை மணி ஊறவைத்து, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, சட்டத்தின் மூலைகளைப் பழைய பல் பிரஷால் சோப்பு போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தார்கள். தண்ணீரை விசிறி ஊற்றினால் மோட்டாருக்குள் போகும். ரப்பர் புஷ்ஷைக் கழற்றியபோது அதன் குழிக்குள்ளும் புளித்த மாவு இருந்தது. இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை துடைத்ததில் இன்னும் சில கூடுகள் கிடைத்தன.

இரண்டாவது இடம் சின்னது, ஆனால் பல வீடுகளுக்குப் பொது. மக்கும் குப்பை தினமும் போய்விடுகிறது. மக்காத குப்பைப் பையோ நிறைந்த பிறகுதான் போகிறது. அதற்குள் கழுவாத பால் கவர், அடியில் ஒரு மடக்கு மிஞ்சிய ஜூஸ் பாட்டில். ஈக்கு அது போதும். கவரை வெட்டி விரித்து அலசிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிறகு பையில் போடச் சொன்னதோடு அது முடிந்தது.

ஒன்பதாம் நாள்

சுத்தம் செய்த நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு கிரைண்டர் மூலைப் பொறி தினமும் எண்ணப்பட்டது. முதல் மூன்று காலையும் 58, 41, 37. “பெருசா ஒண்ணும் கொறையலையேங்க” என்று வீட்டில் சலிப்பு. சட்டென்று குறையாது. பறந்துகொண்டிருக்கும் பழைய ஈ சாக வாரக்கணக்கில் ஆகும், மூலையில் தப்பிய கூடுகளும் நாலு நாளில் பொரிந்தே தீரும். பொறி இப்போதுதான் பயன்படுகிறது: புதிதாகப் பிறப்பது நின்றபின், மிச்சத்தை வடிக்க. ஐந்தாம் நாள் 14, ஏழாம் நாள் 5.

ஒன்பதாம் நாள் காலையில் கிரைண்டர் மூலையில் 4 மட்டுமே. சிங்க் பக்கப் பொறியிலோ 19. வெளிறிய புது ஈக்களும் அதில் இருந்தன. டேப் சோதனையில் சிங்க் சுத்தம், மூலையும் சுத்தம். அரை மணி தேடியபின் ஃபிரிட்ஜின் பின்னால் கிடைத்தது: வீட்டில் முன்பு செய்து வைத்து மறந்துபோன வாழைப்பழ டம்ளர். லிக்விட் விடாத பொறி அது. மசித்த பழம் தண்ணீருக்கு மேலே திட்டாக நின்றது. உள்ளே போன ஈ சாகாமல் முட்டை வைத்து, பாலித்தீனின் உள்பக்கம் முழுக்கக் கூடு. பிடிக்க வைத்த பாத்திரமே பிரசவ அறையாகிவிட்டது.

அதனால்தான் எந்தப் பொறியையும் மூன்று நாளுக்கு மேல் விடக் கூடாது. ஒரு தலைமுறைக்குக் குறைந்தது எட்டு நாள் வேண்டும், மூன்று நாளில் கொட்டிக் கழுவினால் உள்ளே எதுவும் ஈயாக வளராது. கெட்டியான பழத்துண்டு போடாமல் தெளிந்த கலவையை வைப்பதும் அதற்காகவே. பொறி வைத்த இடங்களைச் சுவரில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவது நல்லது.

ஸ்பிரே பற்றி ஒரு வார்த்தை. பறக்கும் ஈ கீழே விழும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். குழம்புக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. தொடுவது மேடையையும் தட்டையும்தான். சாம்பிராணிப் புகை ஈயைப் பக்கத்து அறைக்கு அனுப்பும், அவ்வளவே. சாதாரணக் கொசுவலையின் கண் வழியாகவும் இது நெளிந்து வந்துவிடும். பழத்தை மூட நெருக்கமான மல் துணி வேண்டும்.

எப்போது முடிந்தது என்று சொல்வது

சேலத்தில் இரண்டு தலைமுறைக் காலம், அதாவது இருபது நாள், புது ஈ தென்படாமல் போனால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் இந்தக் கணக்கு செல்லாது. சுமார் 1,500 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அறைக்குள் 18 டிகிரி என்றால் ஒரே தலைமுறைக்குப் பத்தொன்பது, இருபது நாள் ஆகும். அங்கே பலாச் சடை, ஆரஞ்சு, காபிப் பழத்தோல் என்று புளிக்கும் பொருளுக்கும் குறைவில்லை. இரண்டு வாரம் ஈயைக் காணோம் என்று மேலே இருப்பவர்கள் பொறியை எடுத்துவிட்டால், மூன்றாம் வாரம் கூட்டத்தோடு வரும். அங்கே ஆறு வாரம் எண்ண வேண்டும். பொறியை மட்டும் வழக்கம்போல மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

இந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த டம்ளர் போன நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினார்கள். இருபதாம் நாள் நான்கு பொறியிலும் சேர்த்து 1. அது பூஜை அலமாரி அருகே, அன்று காலை வாங்கிய வாழைச் சீப்போடு வந்தது. அந்தச் சீப்பில் ஒரு பழம் காம்போரம் வெடித்திருந்தது. அதை மட்டும் பிய்த்து எடுத்துவிட்டு, மீதியை அலசித் துடைத்துத் திரும்ப வைத்தார்கள்.